சில்லில் பொறித்த எழுத்தும் திறவாத கோப்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடக்கக் காலத் தமிழ்க் கணிமை

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றையும் சமூக வரலாற்றையும் எழுதுவோர் கையெழுத்துப் படிகள், அச்சு நூல்கள், நாளிதழ்கள், ஆலய மலர்கள் ஆகியவற்றை மூலங்களாகக் கொள்வது வழக்கம். 1980களின் நடுப்பகுதிக்குப் பின்னர் அவற்றோடு கணினிக் கோப்பு என்னும் மற்றொரு மூலமும் சேர்ந்துகொண்டது. ஆயினும் அதனை நாம் மூலமாகக் கருதியதில்லை. நூல் அச்சேறியதும் கடமை முடிந்துவிட்ட இடைப்பொருள் என்றே எண்ணி வந்துள்ளோம். அதனால் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ஏறத்தாழ 15 ஆண்டுக் காலம் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ், எந்தப் பொறியில், எந்த எழுத்துருவில், எந்தக் குறியேற்றத்தில் பதிவாயிற்று என்னும் செய்தி பெரும்பாலும் குறித்து வைக்கப்படவில்லை.

அச்செய்தி தெரியாதவிடத்து அக்கோப்பு படிக்கவியலாத ஒன்றாகிவிடுகின்றது. தவறாகத் தெரிந்தவிடத்து, படிக்க இயன்றாலும் பிழைபட்ட பாடத்தையே தருகின்றது. எனவே தொடக்கக் காலக் கணினிகளின் அமைப்பும் அவற்றின் கோப்பு வடிவங்களும் பொறியாளர்க்கு மட்டுமே உரிய செய்திகள் அல்ல; மூலபாட ஆய்வு செய்யும் தமிழாசிரியர்க்கும் உரியவை என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

நுண்செயலி வந்த வழி

மலேசியாவின் முதல் கணினி 1966இல் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தேறியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டுக்கும் அப்போது எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. அறை முழுவதையும் அடைத்துக்கொண்ட அக்காலக் கணினி நிறுவனங்களின் கணக்குகளுக்கு உரியதாயிருந்தது. தனிமனிதன் ஒருவன் தன் மொழியை அதில் ஏற்றிப் பார்க்கும் வாய்ப்பு அன்று இல்லை.

அவ்வாய்ப்பைத் தந்தது நுண்செயலி. இன்டெல் நிறுவனம் 1971இல் 4004 என்னும் நுண்செயலியையும் 1974இல் 8080 என்பதையும் வெளியிட்டது. அந்நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை 1972இல் பினாங்கில்தான் தொடங்கிற்று என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1975இல் ஆல்டேர் 8800 என்னும் பொறி வந்தது. 1977இல் ஆப்பிள் 2, 1981இல் ஐபிஎம் தனிக்கணினி எனப் பொறிகள் பெருகின.

பொறிகள் பெருகிய அளவுக்கு அவற்றின் பதிவு வடிவங்கள் ஒன்றுபடவில்லை. தொடக்கத்தில் நிரல்கள் துளையிட்ட தாள் நாடாவிலும், பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாவிலும் பதியப்பட்டன. ஒலிநாடா முறைகளுள் பரவலான ஒன்றில், சுழியம் என்பது 1200 அதிர்வுகொண்ட ஒலியாகவும் ஒன்று என்பது 2400 அதிர்வுகொண்ட ஒலியாகவும் பதிவாயிற்று. பின்னர் நெகிழ்வட்டு வந்தது. 8080, இசட்80 ஆகிய செயலிகளில் ஓடிய சிபி/எம் இயங்குதளத்தில் 8 அங்குல வட்டுக்கு ஒரு பொது வடிவம் இருந்தது. 5¼ அங்குல வட்டுக்கோ ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டது. ஆப்பிள் 2 எழுதிய வட்டை ஐபிஎம் பொறி படிக்காது. தொடக்கக் கால மெக்கின்டாஷ் எழுதிய 400, 800 கிலோபைட் வட்டுகளைப் பிற கணினிகளின் வட்டியக்கிகள் படிக்கமாட்டா. வட்டின் சுழற்சி வேகத்தையே அப்பொறி இடத்துக்கு இடம் மாற்றி எழுதிற்று. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் வட்டுகள் உள்ளே வெவ்வேறு மொழி பேசின எனலாம்.

எழுத்துச் சில்லு

இந்நாளில் எழுத்துரு என்பது விரும்பியபோது ஏற்றவும் நீக்கவும் தக்க ஒரு கோப்பு. 1980களின் தொடக்கத்தில் நிலைமை அவ்வாறில்லை. திரையில் தோன்றும் உரோமன் எழுத்துகளின் வடிவங்கள், திரையட்டையில் அமைந்த ஒரு நிலைநினைவகச் சில்லில் புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஐபிஎம் பொறியின் ஒருவண்ணத் திரையில் ஓர் எழுத்துக்கு உரிய கட்டம் 9 புள்ளி அகலமும் 14 புள்ளி உயரமும் உடையது. வண்ணத்திரையில் அது 8க்கு 8 எனச் சுருங்கிற்று. ஒரு வரியில் 80 எழுத்துகள், திரையில் 25 வரிகள். மொத்த வடிவங்கள் 256.

இத்தகைய பொறியில் தமிழைத் தோன்றச் செய்ய இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, சில்லையே மாற்றுவது. சில்லுகள் பற்றவைக்கப்படாமல் பொருத்தியில் செருகப்பட்டிருந்த அட்டைகளில் இது இயன்றது. அழித்தெழுதவல்ல சில்லின் மேற்புறச் சாளரத்தின் வழியாகப் புறஊதா ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் பழைய பதிவு நீங்கிவிடும்; அதன் பின்னர்த் தமிழ் வடிவங்களைப் பதிந்து மீண்டும் செருகலாம். அவ்வாறு செய்த கணினியை வேறிடத்துக்குக் கொண்டு சென்றால் தமிழும் உடன் செல்லும். வட்டை மட்டும் கொண்டு சென்றால் தமிழ் செல்லாது. மற்றொரு வழி, எழுத்துமுறையை விடுத்துத் திரையை வரைபட முறையில் இயக்கி, ஒவ்வோர் எழுத்தையும் படமாக வரைவது. இதற்குச் சில்லில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காலச் செயலிகளில் இது மெதுவாகவே நடந்தது.

தமிழ் எழுத்தின் இயல்பு இங்குப் பெரிதும் இடர் தந்தது. இருசுழி னகரத்தையும் முச்சுழி ணகரத்தையும் வேறுபடுத்துவது சுழியின் எண்ணிக்கையே. 8 புள்ளி அகலத்தில் மூன்று சுழியைத் தெளிவுறக் காட்டுவது அரிது. ஊகாரத்துக்கும் ஞூ, ணூ போன்றவற்றுக்கும் ஒரு கட்டம் போதாது. இரண்டு கட்டங்களை இணைத்தாக வேண்டும். பள்ளியில் பிள்ளைகளுக்கு ணகர னகர வேறுபாட்டை வற்புறுத்தும் ஆசிரியர்கள், அவ்வேறுபாடு ஒரு புள்ளியின் இருப்பையும் இன்மையையும் சார்ந்து நின்ற காலமும் உண்டு என்பதை அறிந்தால் வியப்பர்.

எழுத்துச் சீர்திருத்தம் இவ்விடத்தில் ஓர் எதிர்பாராத துணையாயிற்று. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்கள் நீங்கின. அவற்றை வடிவமாக எண்ணினால் ஏழுதான். ஆயினும் இடம் தேடித் தவித்தவர்க்கு ஏழும் பெரிதே. கணக்கிட்டுப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, உகர வரிசை 18, ஊகார வரிசை 18, டி, டீ 2, தனித்து நிற்கும் உயிர்க்குறிகள் 6, ஆக 93. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, அவற்றின் புள்ளி பெற்ற வடிவங்கள், ஸ்ரீ ஆகிய 11ஐயும் கூட்டினால் 104. ஆங்கிலம் தன் பழைய இடத்தில் இருக்க, எஞ்சிய 128 இடங்களுள் 104ஐத் தமிழ் நிரப்பிக்கொள்ளும். 247 என்று வாய்பாடாக ஓதும் நெடுங்கணக்கு ஒரு பைட்டின் மேற்பாதியில் அடங்கிவிடும் என்னும் இவ்வுண்மையே அடுத்த 15 ஆண்டு வரலாற்றுக்கு அடிப்படையாயிற்று.

1985

மலேசியத் தமிழ்க் கணிமையின் வரலாற்றில் 1985 எல்லைக்கல்லாகும். கேரித்தீவில் பிறந்து கிள்ளானில் தமிழ்ப்பணி ஆற்றிய பாவலர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் அவ்வாண்டில் உருவாக்கிய மென்பொருள் முரசு என்னும் பெயருடன் வெளிப்பட்டது. கனடாவில் முனைவர் சீனிவாசன் ஆதமி என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கியதும் 1980களின் நடுப்பகுதியிலேயே. மலேசிய அரசு மைமோஸ் என்னும் நுண்மின்னியல் நிறுவனத்தைத் தொடங்கியதும் 1985இல்தான்.

இம்முயற்சி ஒரு பொறியாளரின் தனிமுயற்சியாக எழுந்தது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தமிழ் இந்நாட்டில் ஆட்சிமொழியன்று. தமிழைக் கணினியில் ஏற்றுவதற்கென அரசுத் துறையொன்று இங்கு இருந்ததில்லை. இந்தியாவில் நடுவண் அரசு சார்பில் இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியேற்றம் 1983 முதல் வகுக்கப்பட்டு, 1988இல் திருத்தம் பெற்று, 1991இல் தேசியத் தரமாயிற்று. அந்தத் தரம் கிள்ளான் பள்ளத்தாக்கின் அச்சகங்களை எட்டவில்லை. இங்குத் தரம் என்பது புழக்கத்தில் இருந்த மென்பொருள் எதுவோ அதுவே.

மகன் கணினியில் தமிழைச் செம்மை செய்துகொண்டிருந்த அதே காலப்பகுதியில், தந்தை மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தார். அத்தொகுப்பு மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் என்னும் பெயரில் 1997இல் வெளிவந்தது. அழியும் நிலையிலிருந்த தாள்களைத் தேடி மீட்ட பணி ஒன்று, புதிய எழுத்துப்பதிவு ஒன்றைத் தொடங்கிய பணி மற்றொன்று. இவ்விரண்டாவது பணியின் பதிவுகளும் இன்று தேடி மீட்கப்பட வேண்டிய நிலையை அடைந்துள்ளன.

எட்டாவது பிட்

மேலே கூறிய 128 இடங்கள் எட்டாவது பிட்டைப் பயன்படுத்தினால் மட்டுமே கிடைப்பவை. அக்கால மென்பொருள்கள் பலவும் அதனைப் பிறர் தொடாத உடைமையாகக் கருதவில்லை. 1978இல் வந்து பத்தாண்டுக் காலம் அலுவலகங்களை ஆண்ட வேர்ட்ஸ்டார், ஆவண முறையில் ஒவ்வொரு சொல்லின் இறுதி எழுத்திலும் எட்டாவது பிட்டை ஏற்றிவைத்தது. வரியை இருபுறமும் ஒழுங்காக்கும் தன் வேலைக்கு அது அப்பிட்டை அடையாளமாகப் பயன்படுத்திற்று. ஆங்கில எழுத்துக்கு அந்தப் பிட் தேவையற்றது. ஆதலால் எவருக்கும் இடையூறு நேரவில்லை. மேற்பாதியில் தமிழை வைத்தவர்க்கோ, சொல்லின் இறுதி எழுத்து எது, அடையாளக் குறி எது என்று பிரித்தறிய முடியாத நிலை. மின்னஞ்சலிலும் இதே இடர் இருந்தது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை ஏழு பிட்டையே உறுதி செய்தது. வழியிலுள்ள பொறி எட்டாவதை நீக்கிவிட்டால் தமிழ் மடல் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகச் சென்று சேரும்.

இதிலிருந்து தப்பச் சிலர் மேற்பாதியையே தவிர்த்தனர். உரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தி எழுத்துருக்களைச் செய்தனர். ஈழத் தமிழரிடையே பரவிய பாமினி இவ்வகையினது. இதில் தமிழ் என்னும் சொல் கோப்பினுள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே பதிவாகும். அஞ்சலில் கெடாது, தட்டச்சுப் பழக்கத்துக்கும் ஒத்துவரும். ஆயினும் ஒரே ஆவணத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வருமாயின் ஒவ்வோர் இடத்திலும் எழுத்துருவை மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்தால் மலாய்ச் சொல் தமிழெழுத்துகளின் பொருளற்ற கோவையாகிவிடும். மும்மொழியும் ஒரே தாளில் இடம்பெறும் பள்ளிச் சுற்றறிக்கைகளும் சங்க அழைப்பிதழ்களும் நிறைந்த இந்நாட்டில், உரோமனைத் தன் இடத்திலேயே விட்டுவைக்கும் இருமொழிக் குறியேற்றத்தின்பால் நாட்டம் மிகுந்ததற்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து.

முரசு அஞ்சல் என்னும் பெயரிலுள்ள அஞ்சல் என்பது மடலையே சுட்டும். உரோமன் விசைகளைக் கொண்டு ஒலிப்பு முறையில் தமிழை உள்ளிடும் அதன் விசைப்பலகை, தட்டச்சு பயிலாத தமிழருக்கும் கணினியைத் திறந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழுக்குத் தரப்பட்டுள்ள விசைப்பலகைகளுள் ஒன்று இன்றும் அஞ்சல் என்னும் பெயரையே தாங்கியுள்ளது.

தரத்தை நோக்கி

1990களின் நடுவில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அச்சகங்களில் ஈயமும் தட்டச்சுப் பொறியும் பின்னுக்குச் செல்ல, பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கும் முறை வேரூன்றிற்று. எழுத்துருக்கள் பெருகின, ஒன்றின் குறியேற்றம் மற்றொன்றுக்கு ஒவ்வாததாயிருந்தது. ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்த ஆய்வேட்டை வேறோர் அச்சகத்தில் திருத்த முடியாமல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்த நிகழ்வுகளை அக்கால மாணவர்கள் நன்கறிவர்.

இணையம் வந்தபின் இச்சிக்கல் நாடுகளுக்கிடைப்பட்டதாயிற்று. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது தமிழும் அங்கு இடம்பெற்றது. அதில் கணியன் மென்பொருளை ஆக்கிய நா. கோவிந்தசாமியின் பங்கு பெரிது. அவர் முயற்சியால் 1997 மே திங்களில் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதன் பின்னர் பல நாட்டுத் தமிழ்க் கணிமையாளர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து டிஸ்கி என்னும் இருமொழிக் குறியேற்றத்தை உருவாக்கினர். முத்து நெடுமாறனும் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அதில் முன்னின்றோர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களுக்கு இதனைக் கைக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு டாம், டாப் என்னும் வேறு இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. அவ்வாண்டே நா. கோவிந்தசாமி மறைந்தார். 2000இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு தோன்றிற்று. 2001 ஆகஸ்டு திங்களில் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

இதற்கிடையே, இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவித் தமிழுக்கு இடம் வகுத்த ஒருங்குறி 1991இலேயே வெளியாகியிருந்தது. விண்டோஸ் 2000 அதனைத் தமிழுக்குச் செயற்படுத்தியபோது எட்டுப் பிட் குறியேற்றங்களின் காலம் முடிவை நோக்கிச் சென்றது. தமிழ்நாட்டரசு 2010 சூன் திங்களில் ஒருங்குறியையும், அது இயலாதவிடத்து டேஸ்16 என்பதையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

குறியேற்றம் தரும் பாடபேதம்

ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் செய்த பிழைகளை வகைப்படுத்தப் பதிப்பாசிரியர்கள் கற்றிருக்கின்றனர். சுவடியில் புள்ளியில்லை, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடில்லை என்பன போன்ற அறிவே அவர்களுக்குத் திருத்தும் உரிமையைத் தந்தது. கோப்பு மாற்றத்தில் நேரும் பிழைகளும் இவ்வாறே வகைப்படுத்தத் தக்கவை.

டிஸ்கியிலுள்ள தமிழ் என்னும் சொல்லை எழுத்துருவில்லாத கணினியில் திறந்தால் நான்கு குறிகள் தோன்றும்: முக்கால் என்னும் பின்னக் குறி, தலையில் சாய்கோடு ஏந்திய ஏ, சென் காசின் குறி, தலையில் சாய்கோடு ஏந்திய யூ. இவற்றைக் கண்டவுடன் இது டிஸ்கி என்று உறுதியாகச் சொல்லலாம். நான்கு குறிகள் என்பதையும் நோக்குக. ழ் என்பது அங்கு ஒரே குறி. ஒருங்குறியில் அது ழகரமும் புள்ளியுமாக இரண்டாகின்றது. சொல் முழுமைக்கும் ஐந்து குறிகள். புள்ளி பெற்ற மெய்யை ஓர் அலகாகக் கொண்டது டிஸ்கி. அகரமேறிய மெய்யை அலகாகக் கொண்டது ஒருங்குறி. தொல்காப்பியம் பயின்றோர் இவற்றுள் எது தமிழ் மரபுக்கு இயைந்தது என்று விவாதிக்கக்கூடும்; அவ்விவாதம் நடந்ததும் உண்டு.

அடுத்தது வரிசை. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவது. கொடி என்று எழுத முதலில் கொம்பு, பின்னர் ககரம், பின்னர்க் கால் எனப் பதியும். ஒருங்குறி ஒலிப்பு வரிசையில் முதலில் ககரத்தையும் பின்னர் ஒகரக் குறியையும் பதியும். மாற்றும் நிரல் இதனைச் சரிவரக் கையாளாவிடின் கொம்பு முந்தைய சொல்லின் இறுதி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது கண்ணுக்குப் புலப்படும் பிழை. ஆதலால் தீங்கு குறைவு.

கண்ணுக்குப் புலப்படாத பிழையே தீங்கு மிக்கது. பல பழைய எழுத்துருக்களில் ஔகாரத்துக்குத் தனியிடம் தரப்படவில்லை. ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டினால் கண்ணுக்கு அது ஔ. அக்கோப்புகள் இயந்திர முறையில் ஒருங்குறிக்கு மாறியபோது ஔவையார் ஒளவையார் ஆனார். கௌரவம் கெளரவம் ஆயிற்று. பௌத்தம் பெளத்தம் ஆயிற்று. படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். நூலகப் பட்டியலில் ஔவையார் எனத் தேடும் மாணவர் ஒளவையார் எனப் பதிவான நூல்களைக் காணமாட்டார். அகர வரிசையிலும் அவை வேறிடத்தில் நிற்கும். இப்பிழையைத் தட்டச்சர் அறியாமை என்று கூறிக் கடந்துவிடுதல் முறையன்று. அது 128 இடங்களுக்குள் தமிழை அடக்கிய காலத்தின் எச்சமாகும். சொல்நிகழ்வுகளை எண்ணி முடிவு காணும் ஆய்வாளர் இதனை முதலில் களைந்தாக வேண்டும்.

மீட்கும் வழி

பிரிக்பீல்ட்சில் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவரிடம் எஞ்சியிருந்த நெகிழ்வட்டுகள் சிலவற்றை நாம் பார்வையிட்டதுண்டு. ஒட்டுத்தாள்களில் நூலின் பெயரும் நாளும் இருந்தன. எழுத்துருவின் பெயர் ஒன்றில்கூட இல்லை. இத்தகைய வட்டுகளை முதலில் திறந்து பார்க்க முயல்வதே தவறு. காந்தப் பூச்சு தளர்ந்த வட்டு ஒவ்வொரு சுழற்சியிலும் தேய்கின்றது. வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே படியெடுக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றால் ஆப்பிள், மெக்கின்டாஷ், சிபி/எம் ஆகிய வடிவங்களையும் படியெடுத்துப் பின்னர் ஆறுதலாகப் பொருள் காணலாம். எழுத்துருக் கோப்பு தனியே கிடைத்தால் அதனையும் உடன் காக்க வேண்டும். சாவி இல்லாத பூட்டு போன்றதே எழுத்துரு இல்லாத கோப்பு. பேஜ்மேக்கர் கோப்பாயின் விரைவு தேவை. அம்மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அதனையடுத்து அச்சுத்துறை கைக்கொண்ட இன்டிசைனின் பிற்காலப் பதிப்புகள் அக்கோப்புகளைத் திறப்பதில்லை.

எழுத்துரு கிடைக்காத நிலையிலும் வழியுண்டு. இதில் பொறியாளரைவிடத் தமிழாசிரியரே மிகுதியாகப் பயன்படுவார். அக்கோப்பிலிருந்து அச்சான நூலின் ஒரு படி நூலகத்தில் இருக்குமாயின், அச்சுப் பக்கத்தையும் கோப்பின் குறிகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அட்டவணை அமைக்கலாம். அடையாளம் காணவேண்டிய வடிவங்கள் நூற்றுக்குச் சற்று மிகுதியாகவே இருப்பதால் சில பக்கங்களிலேயே பெரும்பகுதி தெளிந்துவிடும். அச்சான நூலில் இல்லாமல் கோப்பில் மட்டும் எஞ்சிய பகுதிகளை, அதாவது ஆசிரியர் நீக்கிய செய்யுளையோ சுருக்கிய முன்னுரையையோ, அதன் பின்னர்ப் படிக்கலாம். அடையாளம் காண இறுதிவரை அடம்பிடிப்பவை அருகி வழங்கும் ஙு, ஞூ போன்ற வடிவங்களே. அவற்றுக்கு அதே அச்சகத்தில் அதே எழுத்துருவில் அமைந்த அரிச்சுவடி ஒன்று கிடைக்குமா என்று தேட வேண்டும்.